மூன்றாவது ஆசனம்

2001ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதம் 28ஆம் திகதி, கஸக்ஸ்தான் நாட்டிலுள்ள பைக்கனூர் ஏவுதளத்திலிருந்து சோயுஸ் என்னும் ருஷ்ய விண்கலம் ஒன்று மேலெழுந்தது. அதனுள் மூவர் இருந்தனர். தலைவராக அமர்ந்தவர் தல்காத் முசபாயெவ். அவருக்குத் துணைநின்று கலத்தை இயக்கியவர் யூரி பத்தூரின். இவ்விருவரும் அரசாங்கத்தாற் தெரிந்தெடுக்கப்பட்டு, அரசாங்கத்தின் செலவிலே விண்வெளிக்குச் செல்பவர்கள். மூன்றாமவர் அத்தகையவரல்லர். அவர் அறுபது வயதான ஓர் அமெரிக்கர்; தமது ஆசனத்துக்குரிய கட்டணத்தைச் சொந்தப் பணத்திலிருந்து கொடுத்தவர். அக்கட்டணம் இரண்டு கோடி டொலர் எனச் செய்தித்தாள்கள் எழுதின. அவர் பெயர் டென்னிஸ் டிட்டோ. யூகோஸ்லாவியாவை ஆண்ட மார்ஷல் டிட்டோவுக்கும் இவருக்கும் எவ்வித உறவும் இல்லை. மார்ஷலுக்கு அது தாமே சூடிக்கொண்ட புனைபெயர். இவருக்கோ இத்தாலியக் குடும்பமொன்றின் வழிவந்த பெயர்.

பத்திரிகைகள் இவரை 'விண்வெளிச் சுற்றுலாப் பயணி' என்று அழைத்தன. பணம் படைத்த ஒருவர் பொழுதுபோக்குக்காக வானுலகம் சென்று மீண்டார் என்ற அளவிலே பலரும் அச்செய்தியைப் படித்து மறந்தனர். அந்தப் பட்டத்தை டிட்டோ விரும்பவில்லை. விரும்பாமைக்குத் தக்க காரணமும் உண்டு. செல்வராவதற்கு முன்னர் அவர் ஒரு பொறியியலாளர். அதுவும் பாலம் கட்டுபவரோ இயந்திரம் செய்பவரோ அல்லர். ஆளில்லா விண்கலங்கள் செல்லவேண்டிய வழியைக் கணித்துக் கொடுத்தவர்களுள் ஒருவர். பிறருக்கு வழி வகுத்தவர் தாமே அவ்வழியிற் செல்ல முப்பத்தேழு ஆண்டுகள் காத்திருக்க நேர்ந்தது ஏன் என்பதே இவருடைய வாழ்க்கையில் ஆராயத்தக்க பொருள்.

டிட்டோ 1940ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம் 8ஆம் திகதி நியூ யோர்க் மாநகரத்தின் குவீன்ஸ் பகுதியிற் பிறந்தார். இத்தாலியிலிருந்து குடியேறியோரின் மகனாகிய அவர் எளிய குடும்பத்திலே வளர்ந்தார். 1957ஆம் ஆண்டு ஒக்ரோபர் மாதம் சோவியத் நாடு ஸ்புட்னிக் என்னும் முதற் செய்மதியை ஏவியபோது அவருக்கு வயது பதினேழு. அச்சிறு கோளம் எழுப்பிய 'பீப்' ஒலி உலகெங்கும் வானொலிப் பெட்டிகளிற் கேட்டது. அதனைக் கேட்டு அஞ்சியவர் பலர். அதனாற் படிப்பின் திசையை மாற்றிக்கொண்ட இளைஞரும் பலர். டிட்டோ இரண்டாவது வகையினர். நியூ யோர்க் பல்கலைக்கழகத்தில் விமானவியலும் விண்பயணவியலும் பயின்று 1962இல் பட்டம் பெற்றார். 1964இல் ரென்சலேர் தொழினுட்பக் கல்லூரியில் பொறியியல் முதுமாணிப் பட்டத்தையும் பெற்றார். பின்னர் கலிபோர்னியாவின் பசடீனா நகரிலுள்ள ஜெட் உந்துகை ஆய்வுகூடத்திற் பணியில் அமர்ந்தார்.

அங்கு அவருக்குக் கிடைத்த வேலை எத்தன்மையது என்பதைச் சிறிது விரித்துரைத்தல் வேண்டும். செவ்வாய்க் கிரகத்துக்கு ஒரு கலத்தை அனுப்புதல், நிலையாக நிற்கும் இலக்கை நோக்கி அம்பு எய்தல் போன்றதன்று. எய்பவன் நிற்கும் பூமியும் ஓடுகின்றது. இலக்காகிய செவ்வாயும் ஓடுகின்றது. இடையே செல்லும் கலத்தைச் சூரியன் ஓயாது தன்பால் இழுக்கின்றது. புறப்படும் நாளில் செவ்வாய் எங்கே இருக்கின்றது என்பது முக்கியமன்று. ஏழரை மாதம் கழித்து அது எங்கே இருக்கும் என்பதை அறிந்து, அவ்விடத்துக்குக் கலத்தை அனுப்பவேண்டும். கலத்திலுள்ள எரிபொருளோ மிகச் சொற்பம். ஆகவே பெரும்பாலான வழியைக் கலம் எஞ்சின் இயங்காமலே, எறியப்பட்ட கல்லைப்போலச் சென்று கழிக்கின்றது. புறப்படும்போது வேகத்தில் நேரும் சிறு பிழை, போய்ச்சேரும்போது பல்லாயிரம் கிலோமீற்றர் விலகலாக விரிந்துவிடும். அப்பிழையை நடுவழியிற் கண்டு, எஞ்சினைச் சில விநாடிகள் இயக்கித் திருத்தல் வேண்டும். எவ்வளவு திருத்துவது, எந்நாளில் திருத்துவது என்பனவெல்லாம் கணிதத்தால் அறியப்படுபவை.

1964ஆம் ஆண்டு நவம்பர் 28ஆம் திகதி ஏவப்பட்ட மரினர் 4 இத்தகைய கணிதத்தினாலேயே செவ்வாயை அடைந்தது. 1965ஆம் ஆண்டு ஜூலை மாத நடுப்பகுதியில் அது அக்கிரகத்துக்கு மேலாக ஏறத்தாழ 9,800 கிலோமீற்றர் தூரத்திற் கடந்து சென்று, வேறொரு கிரகத்தை அருகிருந்து எடுத்த முதற் படங்களை அனுப்பியது. நேயர்கள் இங்கு ஒரு செய்தியை அறிந்து வியக்கலாம். அக்கலத்திலிருந்து வந்த வானலை மிக நலிந்ததாகையால், ஒரேயொரு படம் பூமிக்கு வந்து சேர எட்டு மணி நேரத்துக்கு மேற் சென்றது. இருபத்தொரு முழுப் படங்களும் ஒன்றன் ஒரு பகுதியும் வந்தன. கால்வாய்கள் ஓடும் செழிப்பான உலகம் என்று கதைக்காரர் புனைந்த செவ்வாய், சந்திரனைப்போலப் பள்ளங்கள் நிறைந்த வறண்ட நிலமாய்க் காட்சியளித்தது. வெள்ளிக் கிரகத்துக்குச் சென்ற மரினர் 5, 1971இல் செவ்வாயைச் சுற்றத் தொடங்கிய மரினர் 9 ஆகியவற்றின் பாதைகளை ஆய்ந்த பணியிலும் டிட்டோவுக்குப் பங்குண்டு. பிறிதொரு கிரகத்தைச் சுற்றிவந்த முதற் கலம் மரினர் 9 என்பது குறிப்பிடத்தக்கது.

அக்காலத்தில் இவ்வாறு பாதை வகுத்த ஓர் இளம் பொறியியலாளர் தாமே விண்வெளி செல்லக் கூடுமோ எனின், கூடாது என்பதே விடை. தொடக்கத்தில் அமெரிக்க விண்வெளி நிறுவனமாகிய நாசா தெரிந்தெடுத்தவர்கள் யாவரும் போர்விமானங்களைச் செலுத்திப் பழகியவர்கள். 1965இல் விஞ்ஞானிகளுக்கு முதன்முறையாக வாயில் திறந்தது. எனினும் கலாநிதிப் பட்டத்துக்கு நிகரான கல்வி உடையவருக்கே அது திறந்தது. முதுமாணிப் பட்டம் மட்டுமே பெற்ற டிட்டோ அந்த வாயிலிற் புகவியலாது.

1972இல் அவர் விண்வெளித் தொழிலை விட்டுப் பங்குச் சந்தைத் துறைக்குச் சென்றார். கோள்களின் பாதையை ஆய்ந்தவருக்கு வணிகத்தில் என்ன வேலை என்று எண்ணத் தோன்றும். கலம் இப்பொழுது எங்கே இருக்கின்றது என்பதைப் பொறியியலாளர் ஒருபோதும் முற்றாக அறிவதில்லை. கிடைத்த அளவீடுகளைக் கொண்டு ஓரிடத்தை மதிப்பிடுவர். அம்மதிப்பீட்டில் எவ்வளவு பிழை இருக்கலாம் என்பதையும் உடன் கணிப்பர். பங்குகளின் விலையும் அவ்வாறே மதிப்பிடத்தக்கதாயும் பிழைக்கு இடமுள்ளதாயும் இருக்கின்றது. எந்தப் பங்கில் எவ்வளவு இடர் உண்டு என்பதை ஊகத்தாலன்றிக் கணிதத்தாலும் கணினியாலும் அளக்க முயன்றவர்களுள் டிட்டோ முன்னணியில் நின்றார். அவர் நிறுவிய வில்ஷயர் நிறுவனம் 1974இல் வெளியிட்ட 'வில்ஷயர் 5000' என்னும் சுட்டெண், அமெரிக்கப் பங்குச் சந்தை முழுவதையும் ஒருங்கே அளக்க எழுந்தது. இதனால் அவர் பெருஞ்செல்வரானார். இவ்வணிகத்தின் ஏனைய விவரங்கள் இப்பேச்சுக்கு வேண்டுவனவல்ல.

இனி, அவருக்கு ஆசனம் கிடைத்த வரலாற்றைக் காண்போம். 1991இல் சோவியத் ஒன்றியம் கலைந்தபின் ருஷ்யாவின் விண்வெளித் துறை பெரும் பணமுடையில் ஆழ்ந்தது. 1986 தொடக்கம் பூமியைச் சுற்றிவந்த மீர் என்னும் விண்நிலையத்தைப் பேணுதற்கும் பணமில்லை. அதற்கு முன்னரே விருந்தினரை ஏற்றிச் செல்லும் வழக்கம் அங்கு தோன்றியிருந்தது. 1990இல் யப்பானியப் பத்திரிகையாளர் தொயோகிரோ அக்கியாமா, அவருடைய தொலைக்காட்சி நிறுவனத்தின் செலவில் மீருக்குச் சென்றார். ஆயினும் தம் சொந்தப் பணத்தைக் கொடுத்து எவரும் சென்றதில்லை. 2000ஆம் ஆண்டில் டிட்டோ மீருக்குச் செல்ல ஒப்பந்தம் செய்து, மொஸ்கோவுக்கு அருகிலுள்ள நட்சத்திர நகரிற் பயிற்சியைத் தொடங்கினார். அந்தோ, அவர் பயின்றுகொண்டிருக்கையிலேயே மீரின் முடிவு தீர்மானிக்கப்பட்டது. 2001ஆம் ஆண்டு மார்ச் 23ஆம் திகதி அந்நிலையம் தென் பசிபிக் கடலில் வீழ்த்தப்பட்டது.

எஞ்சியிருந்தது அனைத்துலக விண்நிலையம். அமெரிக்கா, ருஷ்யா, ஐரோப்பிய நாடுகள், யப்பான், கனடா ஆகியவை சேர்ந்து அமைத்துவந்த அந்நிலையத்தில் 2000ஆம் ஆண்டு நவம்பர் முதல் மூவர் மூவராகத் தங்கி வந்தனர். அவர்களுக்கு ஆபத்து நேரின் தப்பி வருவதற்கு ஒரு சோயுஸ் கலம், கப்பலிற் கட்டிவைத்த உயிர்காக்கும் படகைப்போல, எப்பொழுதும் அங்கே பூட்டப்பட்டிருக்கும். சோயுஸ் கலத்துக்கு விண்வெளியில் ஏறத்தாழ ஆறு மாத ஆயுளே உண்டு. பூமிக்கு இறங்கும்போது கலத்தைத் திருப்பும் எரிபொருள் நாளடைவில் சிதைந்து வலிமை குன்றுவது அதற்கொரு காரணம். ஆகவே ஆறு மாதத்துக்கு ஒருமுறை புதிய கலமொன்றைக் கொண்டுபோய் விட்டுவிட்டு, பழைய கலத்தில் திரும்பிவரல் வேண்டும். அதற்கு இருவர் போதும். கலத்திலோ மூன்று ஆசனங்கள். டிட்டோவுக்குக் கிடைத்தது அந்த மூன்றாவது ஆசனம். அவருக்காக ஒரு கலமும் ஏவப்படவில்லை. எவருடைய இடத்தையும் பறித்து அவருக்குக் கொடுக்கவுமில்லை. எப்படியும் செல்லவேண்டிய கலத்தில் வெறுமையாய் இருந்த இடம் விலைபோயிற்று. அவரை வெறும் கேளிக்கைப் பயணி என்று இகழ்ந்தோர் பலர் இதனை எடுத்துரைக்கவில்லை.

நாசா இதனைக் கடுமையாக எதிர்த்தது. அதன் தலைவர் டானியல் கோல்டின் வெளிப்படையாகவே கண்டித்தார். நிலையம் இன்னும் கட்டி முடியவில்லை. அங்கிருப்போர் வேலையில் மூழ்கியிருக்கின்றனர். போதிய பயிற்சியில்லாத ஒருவர் அங்கே சென்றால் அவரையும் பார்த்துக்கொள்ளும் சுமை அவர்கள்மேல் விழும் என்பது நாசாவின் வாதம். அந்த அச்சத்துக்கு வேரும் இருந்தது. 1986ஆம் ஆண்டு ஜனவரி 28ஆம் திகதி சலெஞ்சர் விண்ணோடம் எழுந்து 73 விநாடிகளிற் சிதைந்தபோது மாண்ட எழுவருள் கிறிஸ்ரா மக்ஓலிஃப் என்னும் பள்ளி ஆசிரியையும் ஒருவர். விண்வெளியிலிருந்து பாடம் நடத்தச் சென்ற அவர் மடிந்ததைப் பள்ளி மாணவர் பலர் தொலைக்காட்சியில் நேரே கண்டனர். விண்வெளியைத் தொழிலாகக் கொள்ளாதோரை அனுப்புவதில் அதன் பின்னர் நாசா தயங்கியதை எவ்வாறு குறைகூறுவது?

ஆயினும் தயக்கத்தோடு தன்மானமும் கலந்திருந்தது என்பதை மறைத்தற்கில்லை. மார்ச் மாதத்தில் முசபாயெவின் குழுவினர் அமெரிக்காவின் ஹியூஸ்ரன் நகரிலுள்ள நிலையத்துக்குப் பயிற்சிக்காகச் சென்றனர். டிட்டோவை உள்ளே அனுமதிக்க இயலாதென அங்குள்ளோர் கூறினர். அவரில்லாமல் தாமும் பயிற்சி பெறப்போவதில்லை என்று ருஷ்யர் இருவரும் திரும்பிவிட்டனர். முசபாயெவ் முன்னரே மீரிற் பல மாதங்கள் தங்கிப் பழுத்தவர். பத்தூரின் ருஷ்ய அரசாங்கத்தில் உயர்பதவி வகித்தவர். அத்தகைய இருவர் தம்மோடு பயின்ற முதியவர் ஒருவருக்காக வாசலில் நின்று மறுத்தது, அப்பூசல் முழுவதிலும் மனத்தில் நிற்கும் நிகழ்ச்சி. இறுதியில் ஏப்பிரல் 24ஆம் திகதி பங்காளி நாடுகள் விதிவிலக்களித்து இணங்கின. டிட்டோ உடைக்கும் பொருளுக்கு அவரே ஈடுசெய்தல் வேண்டும். அமெரிக்கப் பகுதிகளுக்குள் துணையின்றிச் செல்லலாகாது என்பன நிபந்தனைகள். இவ்வளவிலும் தொல்லை தீர்ந்தபாடில்லை. அந்நாட்களில் நிலையத்தின் முதன்மைக் கணினிகள் பழுதுபட, அங்கு சென்றிருந்த எண்டெவர் விண்ணோடத்தின் புறப்பாடு தாமதமாயிற்று. சோயுஸ் குறித்த நாளில் எழுந்தது. விண்ணோடம் விலகிய மறுநாள், ஏப்பிரல் 30ஆம் திகதி, நிலையத்தோடு இணைந்தது.

டிட்டோ அங்கே ஆறு நாட்கள் தங்கினார். நிலையம் ஏறத்தாழ 400 கிலோமீற்றர் உயரத்தில், தொண்ணூறு நிமிடத்துக்கு ஒருமுறை பூமியை வலம்வருகின்றது. ஒரு நாளிற் பதினாறு உதயங்களை அங்கிருப்போர் காண்பர். அங்கே எடையின்மை தோன்றுவது பூமியின் ஈர்ப்பு இல்லாமையாலன்று. ஈர்ப்பு அங்கும் பெரும்பாலும் உண்டு. கலமும் அதனுள் இருப்போரும் ஒருங்கே பூமியை நோக்கி வீழ்ந்துகொண்டே இருக்கின்றனர். பக்கவாட்டிற் செல்லும் வேகம் மிகுதியாதலின், வீழ்ந்தும் தரையை எட்டாது சுற்றுகின்றனர். இக்கணிதத்தை இளமையில் தாளில் எழுதியவர், அறுபதாம் வயதில் அதனுள்ளேயே மிதந்தார். இசைநாடகப் பாடல்களைக் கேட்டபடி சாளரத்தருகே இருந்து படமெடுத்தலே அவருக்குப் பெரும்பாலும் வேலையாயிருந்தது.

திரும்பும்போது முறைப்படி பழைய கலத்திலேறினர். ஒவ்வொருவருடைய உடலின் வடிவுக்கேற்ப வார்க்கப்பட்ட ஆசனவுறையைப் புதிய கலத்திலிருந்து கழற்றிப் பழையதிற் பொருத்திக்கொள்ளல் வேண்டும். தரையில் மோதும்போது முதுகெலும்பைக் காப்பது அவ்வுறையே. மே மாதம் 6ஆம் திகதி கஸக்ஸ்தான் புல்வெளியில் இறங்கினர். ஏறத்தாழ எட்டு நாளில் பூமியை 128 முறை சுற்றிய அந்த முதியவர் நலமாகவே இருந்தார். நிலையத்தில் எவ்விபத்தும் நேரவில்லை.

பணத்துக்கு விண்வெளியை விற்றல் தகுமோ என்ற கேள்வி அன்று எழுந்தது, இன்றும் ஓயவில்லை. ஆசனம் வெறுமையாகச் செல்வதிலும் அதன் விலை ருஷ்யப் பொறியியலாளரின் சம்பளத்துக்கு உதவுவது நன்று என்பதில் ஐயமில்லை. ஆயினும் இவ்வரலாற்றில் நெஞ்சை உறுத்துவது வேறொன்று. டிட்டோ பசடீனாவிலேயே இருந்து மேலும் பல கலங்களுக்கு வழி வகுத்திருந்தால், ஒருக்காலும் விண்வெளியைக் கண்டிருக்கமாட்டார். ஒரு பொறியியலாளரின் வாழ்நாட் சம்பளம் முழுவதையும் சேர்த்தாலும் இரண்டு கோடி டொலர் ஆகாது. விண்வெளித் தொழிலைக் கைவிட்டமையாலேயே அவர் விண்வெளியை அடைந்தார். அவரோடு அதே மேசைகளில் அமர்ந்து கணித்த ஏனையோருக்கு அந்த வழி இல்லை.

அவருக்குப்பின் அவ்வாசனத்துக்கு ஆள் கிடைப்பது அரிதாயிருக்கவில்லை. 2002ஆம் ஆண்டின் தொடக்கத்திலேயே பங்காளி நாடுகள் விருந்தினரைத் தெரிவதற்கு விதிகளை வெளியிட்டன. அவ்வாண்டு ஏப்பிரலில் தென்னாபிரிக்கரான மார்க் ஷட்டில்வேர்த் சென்றார்; 2005இல் பொறியியலாளர் கிரெகரி ஓல்சன்; 2006இல் ஈரானிற் பிறந்து அமெரிக்காவில் மின்பொறியியல் பயின்ற அனூஷே அன்சாரி. 2009 வரையில் இவ்வாறு சென்றவர் டிட்டோவோடு எழுவர். 2011இல் அமெரிக்க விண்ணோடங்கள் ஓய்வுபெற்றபின் நாசாவே தன் வீரர்களுக்குச் சோயுஸ் ஆசனங்களை விலைகொடுத்து வாங்கவேண்டியதாயிற்று, வெற்றிடம் அருகியது. பின்னர் 2019இல், நிலையத்தின் அமெரிக்கப் பகுதியைத் தனியார் விண்பயணிகளுக்குத் திறந்துவிடுவதாக நாசா அறிவித்தது. ஹியூஸ்ரன் வாசலில் டிட்டோவைத் தடுத்த அதே நிறுவனம், பதினெட்டு ஆண்டுகள் கழித்து வாசலைத் தானே திறந்து கட்டணத்தையும் குறித்துக் கொடுத்தது.

டிட்டோ பழைய கணிதத்தை மறக்கவில்லை. 2013இல் அவர் ஒரு திட்டத்தை வெளியிட்டார். ஓர் ஆணையும் ஒரு பெண்ணையும் 501 நாட் பயணமாகச் செவ்வாயருகே அனுப்பி, அங்கே இறங்காமல், அக்கிரகத்தின் ஈர்ப்பினாலேயே பாதை வளைந்து பூமிக்கு மீளச் செய்வது அதன் நோக்கம். புறப்படும் வேகம் சரியாக அமைந்துவிட்டால், பெரிய எஞ்சின் எதனையும் மீண்டும் இயக்காமலே திரும்பிவிடலாம். மரினர் காலத்துப் பாதைக்காரர் ஒருவருக்கே தோன்றக்கூடிய எண்ணம் இது. கோள்கள் அதற்கு இசைவாக அமையும் காலம் 2018ஆம் ஆண்டின் தொடக்கம் என்று அவர் குறித்தார். பணமும் கலமும் கூடிவராமையால் அந்நாள் வந்து கழிந்தது.

2022ஆம் ஆண்டு ஒக்ரோபரில் டிட்டோவும் அவர் மனைவி அக்கிக்கோவும், ஸ்பேஸ்எக்ஸ் நிறுவனத்தின் ஸ்ரார்ஷிப் என்னும் பெருங்கலத்திற் சந்திரனைச் சுற்றி வருவதற்கு இரண்டு ஆசனங்கள் பதிவுசெய்திருப்பதாக அறிவித்தனர். அக்கலம் அப்பொழுது பூமியைச் சுற்றும் பாதைக்கே ஒருமுறையேனும் சென்றிருக்கவில்லை. டிட்டோவுக்கு வயது எண்பத்திரண்டு.